காதில் விழும் வரை

கீர்த்திபூர்
விக்ரம் சம்வத் 2057 சாவுன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாயிருக்கப் பசுபதிநாதரை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் வயிற்று வலி எப்படி இருக்கிறது? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, கொல்லையில் கொட்டுகிறாளா?

நல்ல செய்தி. பயிற்சி முகாமுக்கு இருபத்தைந்து பேரை எடுத்திருக்கிறார்கள். நானும் ஒருவன். நான்கு மாதம் கழித்து மங்சிரில் மலேசியா போகிற அணிக்குப் பதினான்கு பேர்தான் வேண்டும். இடக்கைச் சுழற்பந்துக்காரர்கள் மூன்று பேர் இருக்கிறோம், ஒருவருக்குத்தான் இடம் என்கிறார்கள். மற்ற இருவரும் தராய்க்காரர்கள், சமதரையில் விளையாடி வளர்ந்தவர்கள். வந்த அன்றே ஒருவன், "ஏய் மலைக்காரா, உங்க ஊர்ல பந்து போட்டா அதைத் தேடி எடுக்க எத்தனை நாள் ஆகும்?" என்றான். "தான்சேன்ல போட்டா மலையடிவாரத்துல புட்வல்ல போய் எடுத்துக்குவோம், பஸ்காரன்கிட்ட சொல்லி வச்சிருக்கோம்" என்றேன். அதிலிருந்து அவன் தன் ஊறுகாயில் எனக்குப் பங்கு தருகிறான்.

பயிற்சியாளருக்கு என் சுழல் பிடித்திருக்கிறது. ஒரு குறைதான் சொல்கிறார். "நீ பயந்துட்டா பந்து தட்டையாப் போகுது. பயம் வர்றப்பதான்டா தூக்கிப் போடணும். அடிச்சா அடிக்கட்டும், காத்துல தொங்க விடு." சொல்வது எளிது. ஆறரை அடி உயர ஆள் மட்டையோடு எதிரே நிற்கும்போது கை தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கவலைப்பட ஆரம்பிக்கலாம்.

உங்கள் மகன்,
நிமேஷ்

*

தான்சேன்
சாவுன் 15

சிரஞ்சீவி நிமேஷுக்கு அநேக ஆசீர்வாதம்.

நாங்கள் நலம், உன் நலத்தை எதிர்பார்க்கிறோம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஒரு முறை எனக்கு, ஒரு முறை உன் அம்மாவுக்கு. மகிழ்ச்சி. மகிழ்ச்சிதான். ஆனால் ஆறரை அடி உயர ஆளைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம். அவன் அடிக்கும் பந்து நேராக உன்னிடமே திரும்பி வந்தால் என்ன செய்வாய்? கைகளை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வாயா? அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஞாயிற்றுக்கிழமை காட்மாண்டு நகரத்துக்குப் போவதானால் டெம்போவின் ஓரத்தில் உட்காராதே.

தில்மாயா கடைக்குப் போன் செய்யலாமே என்று போன முறை கேட்டிருந்தாய். வேண்டாம். முப்பத்தொரு வருடம் வகுப்பில் புவியியல் நடத்தியவன்தான், ஆனால் அந்தக் கருவியைக் காதில் வைத்தால் என் குரல் எனக்கே அந்நியமாக நடுங்குகிறது. கடிதத்தில் அடித்து எழுதலாம், பேச்சில் முடியாது.

இனி உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"நிமேஷ், உங்க அப்பா பேச்சைக் கேட்டு கையை முகத்துக்கு வச்சுக்காத, பந்து எப்படிப் பிடிப்ப. விரல் வெடிச்சிருந்தா கடுகெண்ணெயில மஞ்சள் போட்டுக் காய்ச்சித் தடவு. அந்த ஊறுகாய்ப் பையன் அம்மாகிட்ட பக்குவம் கேட்டு எழுது. எனக்கு வாயுதான், வேற ஒண்ணுமில்ல. மருந்தைக் கொட்டல, கொட்டினாலும் உங்க அப்பாவுக்குத் தெரியாது. மலேசியாவுல எருமை இருக்குமா?"

அவ்வளவுதான் சொன்னாள். களைத்துப் படுத்துவிட்டாள்.

உன் அப்பா,
டேக்நாத் ரேக்மி

*

தான்சேன்
சாவுன் 28

அன்பு மகள் மந்திராவுக்கு ஆசீர்வாதம்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமென நம்புகிறேன். புட்வலில் வெயில் குறைந்ததா? இங்கே மழை. இந்தக் கடிதத்தைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

உன் அம்மாவுக்கு வாயு இல்லை. கல்லீரலில் கட்டி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். இரண்டு மாதத்தில் வரும் தசைன் பண்டிகையைத் தாண்டுவது கடினம் என்றார். எனக்குச் சொன்னதைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கேட்டுவிட்டாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக யோசித்துப் பார்க்கிறேன். எந்த வரிசையிலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறேன். உனக்குத் தெரியாததை எழுதவில்லை, எனக்கே சொல்லிக்கொள்கிறேன். தாய் போனால் மகன் பதின்மூன்று நாள் உப்பில்லாமல், யாரையும் தொடாமல் உட்கார வேண்டும். பிறகு ஒரு வருடம் வெள்ளை உடை, பால் கிடையாது, தோல் படக்கூடாது. என் அண்ணன் மகன் அந்த வருடம் முழுவதும் துணிச் செருப்பில் நடந்தான். கைக்கடிகாரத்தின் தோல் பட்டையைக்கூடக் கழற்றி வைத்தான். கிரிக்கெட் பந்து தோல், மந்திரா. ஒரு வருடம் தொடாதவனுக்காக எந்த அணியும் காத்திருக்காது. நிமேஷுக்கு இப்போதுதான் பத்தொன்பது வயது.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"நான் செத்தா அவன் பந்தைத் தொடக்கூடாதுன்னு சொல்லுவீங்க, இல்லையா?"

"நான் சொல்லல, சாஸ்திரம் சொல்லுது."

"அப்ப நான் சாகலைன்னு சொல்லிடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அவன் ஏரோப்ளேன்ல போய்ட்டுத் திரும்பி வர்ற வரைக்கும். உங்களுக்கு வாயைத் திறக்காம இருக்கறது கஷ்டமா என்ன? கல்யாணத்துக்கு அப்புறம் முதல் வருஷம் என்கிட்ட மொத்தம் பத்து வார்த்தை பேசினீங்க."

சிரித்தாள். பிறகு என் கையைத் தன் தலையில் வைத்து ஆணையிடச் சொன்னாள். நான் வைத்தேன். வைத்த கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் அது என் கைதானா என்று இருக்கிறது.

நான் செய்தது சரியா? உன் பதில் வரும்வரை தூக்கம் வராது.

அப்பா

*

புட்வல்
பாதௌ 3

அப்பாவுக்கு நமஸ்காரம்.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன்.

அம்மா சொன்னது வலியில் வந்த பேச்சு இல்லை. அவள் யோசிக்காமல் எதையும் சொன்னதில்லை. ஆனால் நீங்கள் ஏன் ஆணையிட்டீர்கள்? அவளுக்காகவா, அவனுக்காகவா, எதிர்த்துப் பேசப் பயந்தா?

சாகும் தாயைப் பார்ப்பது தீட்டு இல்லை. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பார்த்தால் திரும்பிப் போக மாட்டான் என்று அம்மா சொல்வாள். போக மாட்டான்தான். அதை முடிவு செய்ய வேண்டியவன் அவன்.

அவனுக்கு நான் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. எழுதினால் உண்மையைத்தான் எழுதுவேன். குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன். அதுவரை அவளுக்கு அரிசியும் பருப்பும் போட்ட ஜாவுலோ மட்டும் கொடுங்கள், குழைய வேக வைத்து. நெய் வேண்டாம்.

மந்திரா

*

கீர்த்திபூர்
பாதௌ 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். நலம். அம்மா எப்படி இருக்கிறாள்? போன வாரம் வந்த கடிதத்தில் நான்கே வரி சொல்லியிருந்தாள். வழக்கமாக உங்களைத் திட்டவே நான்கு வரி ஆகும்.

முகாமுக்கு 20ஆம் தேதியிலிருந்து நான்கு நாள் விடுமுறை. வந்து போகட்டுமா? மழையில் சாலை சரிந்து நடுவில் மாட்டிக்கொண்டால் தேர்வு ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது என்று பயிற்சியாளர் தயங்குகிறார். ஆனால் வீட்டில் தேவையென்றால் போ என்றார். உங்கள் பதில் வந்தால் கிளம்புவேன். வராவிட்டால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

ஊறுகாய்ப் பக்குவம் கிடைத்துவிட்டது. அவன் அம்மாவுக்கு எழுதத் தெரியாதாம், ஆகவே அளவெல்லாம் கையால்தான். ஒரு கை உப்பு, அரைக் கை மிளகாய். யார் கை என்று அம்மா கேட்பாள்.

நிமேஷ்

*

தான்சேன்
அசோஜ் 3

அன்பு மகள் மந்திராவுக்கு ஆசீர்வாதம்.

நீ பத்திரமாக வீடு சேர்ந்த செய்தியை டிரைவர் சொன்னான். பதின்மூன்றாம் நாள் சடங்குக்குப் பிறகு வீடு கழுவி விட்டபடியே இருக்கிறது. உன் அம்மாவின் கட்டிலை வெயிலில் போட்டேன். திரும்ப உள்ளே கொண்டுவரத் தெரியாமல் வெளியே கிடக்கிறது.

நிமேஷின் கடிதத்தைப் பற்றி உன்னிடம் நேரில் சொல்லவில்லை. பாதௌ 18ஆம் தேதி காலை நாம் அவளைத் தூக்கிக்கொண்டு ராம்தி ஆற்றங்கரைக்குக் கிளம்பிய நேரத்தில் தபால்காரர் வந்திருக்கிறார். தில்மாயா வாங்கி வைத்திருந்து, தீட்டு கழிந்த பிறகு வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். பதில் வராவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வானாம். அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

மகன் உயிரோடு இருக்கும்போது புருஷன் கொள்ளி வைக்கிறானே என்று ஆற்றங்கரையில் பேசியது எனக்கும் கேட்டது. நேற்று லோகமணி பண்டிதரிடம் போனேன். அறிந்தவர், ஆனால் நாக்கில் முள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நீ சொல்.

"தூரத்துல இருக்கற மகனுக்குத் தீட்டு எப்ப ஆரம்பம், பண்டிட்ஜி?"

"பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் பரீட்சை வச்சவரு, இப்ப எனக்கு வைக்கிறீங்களா? காதுல விழுந்த நாள்ல இருந்து."

"விழலைன்னா?"

"விழலைன்னா அவன் சுத்தம். பந்து, பெல்ட்டு, என்ன வேணும்னாலும் தொடலாம். வருஷம் கழிச்சுக் கேட்டாலும், கேட்ட அன்னைக்கு உட்கார வேண்டியதுதான்."

"அதுவரைக்கும் அவளுக்கு?"

"நீங்க தண்ணி விட்டீங்க. ஆனா பிள்ளை கைத்தண்ணிக்கு அவ காத்துட்டுதான் இருப்பா."

"பாவம் யாருக்கு?"

"காதைப் பொத்தி வைக்கிறவனுக்கு. யாருன்னு பேரு வேணுமா சார்? வீட்டுல கண்ணாடி இருக்குல்ல."

வரும் வழியெல்லாம் எனக்குத் தண்ணீர்த் தாகம். வீட்டுக்கு வந்தும் குடிக்கவில்லை. அவள் காத்திருக்கும்போது நான் எப்படிக் குடிப்பது? பிறகு மயக்கம் வரும்போல் இருந்தது, குடித்தேன்.

ஆணையை மீறவும் பயம், காக்கவும் பயம். தான்சேனிலிருந்து தினம் எத்தனை பேர் காட்மாண்டு போகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ் நிலையத்தில் யாராவது மூட்டையோடு நின்றால் எங்கே போகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ஊரில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசுகிறார்களாம்.

அப்பா

*

தான்சேன்
அசோஜ் 4

சிரஞ்சீவி நிமேஷுக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் நலத்துக்கு எப்போதும்போல வேண்டுகிறேன். பாதௌ 12ஆம் தேதி எழுதியது என் கைக்கு மிகவும் தாமதமாக வந்தது. சில நாட்கள் நான் பேனா தொடும் நிலையில் இல்லை. இப்போது பரவாயில்லை. விடுமுறைக்கு வரச் சொல்லிப் பதில் எழுத முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். சாலை இரண்டு இடத்தில் சரிந்திருந்தது, அது உண்மை.

அக்கா வந்து சில நாள் இருந்துவிட்டுப் போனாள். மழை விட்டுவிட்டது. கொல்லையில் பூசணி நிறையக் காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

அம்மாவுக்கு இப்போது வலி இல்லை.

அவள் சொல்லி நான் எழுதும் பகுதி இந்த முறை இல்லை. அவளை எழுப்ப என்னால் முடியவில்லை.

நீ ஆட்டத்தில் மட்டும் மனத்தை வை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

உன் அப்பா,
டேக்நாத் ரேக்மி

*

கீர்த்திபூர்
அசோஜ் 9

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நமஸ்காரம். அணியில் என் பெயர் இருக்கிறது.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளைப் போய்ப் போய்ப் பார்த்தேன். தராய்ப் பையன்கள் இருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஊறுகாய்க்காரன், "மலைக்காரா, உனக்கு இடம் போச்சுன்னு நினைச்சுதான் ஊறுகாய் கொடுத்தேன், ஏமாத்திட்டியே" என்றான். அழுதுகொண்டே சொன்னான்.

தசைனுக்கு ஊருக்கு விடவில்லை. ஆகவே போன வருடம்போல நெற்றிக்கு வைக்கும் டீகாவையும் ஜமராவையும் உறையில் போட்டு அனுப்புங்கள். அம்மா பிசைந்ததாக இருக்கட்டும், சிவப்பு தூக்கலாக. தயிர் காய்ந்து அரிசி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளித்து ஒட்டிக்கொள்வேன். ஜமராத் தளிர் இரண்டே போதும், காதில் செருகிக்கொள்ள. அது வந்தால்தான் நான் மலேசியா போகிறேன் என்பது எனக்கே நம்பிக்கையாகும்.

அம்மாவை இரண்டு வரியாவது சொல்லச் சொல்லுங்கள். தூங்கினால் எழுப்புங்கள், திட்டமாட்டாள்.

நிமேஷ்

*

தான்சேன்
அசோஜ் 14

அன்பு மகள் மந்திராவுக்கு ஆசீர்வாதம்.

நலமா? அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷமாக எழுத வேண்டிய வரி, மூன்று முறை அடித்து எழுதினேன். டீகா அனுப்பச் சொல்கிறான்.

எல்லாவற்றையும் யோசித்தேன், தசைனை மறந்துவிட்டேன். சாவு விழுந்த வீட்டில் இந்த வருடம் ஜமராவுக்கு வாற்கோதுமை விதைக்க முடியாது, குங்குமத்தைத் தொட முடியாது. நான் பிசைந்து அனுப்பினால், இறந்தவளின் பேரால் பண்டிகைப் பொட்டை அவன் நெற்றியில் வைத்தவனாவேன். அனுப்பாவிட்டால் அவனுக்கு வேறு செய்தி தேவையில்லை. நம்மில் டீகா வராத வீடென்றால் என்ன அர்த்தமென்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

உன்னைக் கேட்கவில்லை. பொய்க்குக் கை கொடுக்க மாட்டேன் என்று ஆற்றங்கரையிலேயே சொல்லிவிட்டாய். ஆகவே தில்மாயாவிடம் போனேன். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து நின்றேன். அப்படியும் வாய் வரவில்லை, ஒரு தீப்பெட்டி வாங்கினேன்.

"மாஸ்டர்சாப், காலையில இருந்து இது மூணாவது தீப்பெட்டி. வீட்டைக் கொளுத்தப் போறீங்களா?"

ஆணையையும் டீகாவையும் பற்றிச் சொன்னேன்.

"எங்க ஜமரால உங்க விரல் படக்கூடாது. நானே உறையில போட்டு அனுப்பறேன், அட்ரஸ் மட்டும் சொல்லுங்க. ஆனா எங்க மகர் சாதி வீட்டு டீகா வெள்ளை. அரிசியும் தயிரும்தான். உங்க பாஹுன் பிராமணர் வீட்டுப் பையன் நெத்திக்கு வெள்ளை வந்தா அவன் என்ன நினைப்பான்?"

"சிவப்பு கலந்தா?"

"கலக்கறேன். ஒரு டப்பா குங்குமம், எனக்கென்ன. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோபிச்சுக்காதீங்க. உங்க வீட்டு ஹும்கலா அக்கா வாயை மூடச் சொன்னாங்க. கையால பொய் செய்யச் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. நான் நினைவில் தேடித் தேடிப் பார்த்தேன், அவள் அப்படிச் சொல்லவில்லை. தீப்பெட்டியைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெறும் கடிதம்தான் அனுப்பப் போகிறேன். தபாலில் தொலைந்துபோகும் என்று ஏதாவது எழுதுவேன். நம்ப மாட்டான். நம்பிவிடக் கூடாதா என்றிருக்கிறது.

அப்பா

*

தான்சேன்
அசோஜ் 15

சிரஞ்சீவி நிமேஷுக்கு அநேக ஆசீர்வாதம்.

அணியில் இடம் கிடைத்த செய்தி வந்தது. உன் கடிதத்தை இந்த முறையும் இரண்டு தரம் படித்தேன்.

தசைன் நேரத்தில் தபால் உறைகளைப் பிரித்து விடுகிறார்கள் என்கிறார்கள். ஈரமான பொருள் வைத்தால் எழுத்தும் அழிந்துவிடுகிறது. ஆகவே இந்த வருடம் டீகாவும் ஜமராவும் வைக்கவில்லை. என் ஆசியை எழுத்தாகவே எடுத்துக்கொள். நீண்ட ஆயுள், நல்ல உடல், பயமில்லாத மனம். மூன்றாவது என்னிடம் இல்லாதது, ஆனாலும் தருகிறேன்.

உன் அப்பா,
டேக்நாத் ரேக்மி

*

கீர்த்திபூர்
கார்த்திக் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் உறை தசைனுக்கு முந்தின நாள் வந்தது. தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். தசமியன்று பயிற்சியாளர் எல்லாருக்கும் டீகா வைத்தார். எனக்குத் தலைவலி என்று சொல்லிக் கட்டிலில் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரமாகப் பந்து தட்டையாகப் போகிறது. மாற்று ஆளாக இங்கேயே வைத்திருக்கும் ஊறுகாய்க்காரன்கூட என்னைத் தூக்கி அடிக்கிறான்.

பக்கத்துக் கட்டில்காரனின் அப்பா புரோகிதர். பொதுவாக ஒரு விதியைப் பற்றி அவனிடம் கேட்டேன். காதில் விழும் நாள் என்றான். நீங்களும் அதைக் கேட்டு வைத்திருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை அப்பா. நான் எதுவும் கேட்கவில்லை. நான் திரும்பி வரும்வரை நீங்களும் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் வைத்திருப்பேன். அக்காவையும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். தான்சேன்காரர் யாராவது என்னைத் தேடி வந்தால் ஓடிப்போகிறேன். நேற்று மைதானத்து வாசலில் நம் ஊர்த் தொப்பி ஒன்று தெரிந்தது, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தேன். யாரோ கடலை விற்பவர்.

இரவில் பயமாக இருக்கிறது. பகலிலும்.

புஸ் முதல் வாரம் வருவேன். அப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் கூடாது.

நிமேஷ்

*

தான்சேன்
புஸ் 5

அன்பு மகள் மந்திராவுக்கு ஆசீர்வாதம்.

அவன் வந்துவிட்டான். பயப்படாதே. மேல் அறையில், சாணி மெழுகிய கோட்டுக்குள், வெள்ளைத் துணியில் உட்கார்ந்திருக்கிறான். மொட்டைத் தலையில் அப்படியே உன் அம்மாவின் நெற்றி. தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்கிறான். முதல் நாள் குழைத்துவிட்டான், இன்று பரவாயில்லை. அம்மா தாகத்தோடு காத்திருந்தாள் என்று நான் இத்தனை நாள் நடுங்கிய தண்ணீரை அவன் கையால் விட்டாயிற்று.

மலேசியா ஆட்டங்களைத் தில்மாயா கடை ரேடியோவில் கேட்டதை எழுதியிருந்தேன். கடைசி ஆட்டத்தில் ஒருவன் இவனை அடுத்தடுத்து மூன்று முறை மைதானத்துக்கு வெளியே அடித்தான். நான் கடையை விட்டு எழுந்து போய்விட்டேன். நான்காவது பந்தையும் இவன் தூக்கித்தான் போட்டானாம், அவன் ஏமாந்து ஆட்டமிழந்தானாம். அன்று நான்கு விக்கெட். அதைப் பற்றி இவனிடம் கேட்டேன், "அப்புறம் சொல்றேன்" என்றான்.

இரண்டு மாதம் கழித்துப் பாகுனில் அடுத்த பயணம் இருக்கிறதாம். ஒரு வருட நோன்பு என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. பண்டிதர் கேட்டுவிட்டார். அதற்குள் அவன் அம்மா என்னிடம் ஆணை வாங்கிய கதையை நான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். அவன் சொன்னான், "பதிமூணு நாளும் ஒரு குறை வைக்க மாட்டேன், பண்டிட்ஜி. வருஷம் முழுக்கப் பால் குடிக்க மாட்டேன், வெள்ளைதான் உடுத்துவேன், மைதானத்துல மட்டும் அணிச்சட்டை. பந்தைத் தொடுவேன். அம்மாவே உத்தரவு கொடுத்துட்டாங்க." பண்டிதர் என்னைப் பார்த்தார். "காதுல விழல சார்" என்று சொல்லிவிட்டுத் தர்ப்பையைக் கட்டத் தொடங்கினார்.

அவன் வந்த விதத்தை இன்னும் எழுதவில்லை. தள்ளிப்போடுகிறேன் போலிருக்கிறது. எழுதுகிறேன்.

முந்தாநாள் மதியம். வாசலில் வெயிலில் நின்றிருந்தேன். பஸ் நிலையத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தான். தெருவில் ஒருவரும் அவனிடம் பேசவில்லை. தில்மாயா அவனைப் பார்த்ததும் கடைக்குள் திரும்பி, அரிசி மூட்டையைப் பார்த்து நின்றுகொண்டாள். அவன் நம் வேலிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். நான் தலையில் துக்கத்தின் வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறேன். அவன் அதைப் பார்க்காததுபோல என் முகத்தை மட்டும் பார்த்தான்.

ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் என்னிடம் இருந்தது. வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்று வந்தது.

"புட்வல்ல சாப்பிட்டேன். நல்லா உப்புப் போட்டுத்தான் சாப்பிட்டேன்."

"குளிரா இருக்கா?"

"அப்பா."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"கொஞ்சம் இருங்க. நீங்க சொல்லிட்டா பதிமூணு நாளைக்கு நான் யாரையும் தொட முடியாது."

பையைக் கீழே வைத்தான். கதவைத் திறந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அவன் இவ்வளவு உயரமாக எப்போது வளர்ந்தான் என்று தெரியவில்லை, என் தொப்பி அவன் தோளில் இடித்துக் கீழே விழுந்தது. என் முதுகில் அவன் விரல்களை உணர்ந்தேன், வெடித்துச் சொரசொரப்பாக இருந்தன. அவன் என்னைக் கேள்வி கேட்பான், ஏன் எழுதவில்லை என்பான், அதற்குத்தான் பாதௌவிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் விடவுமில்லை.

பிறகு மூன்றடி பின்னால் போய், காலணிகளைக் கழற்றிவிட்டு நேராக நின்றான்.

"இப்ப சொல்லுங்க."

சொன்னேன். என் குரல் போனில் வருவதுபோலத்தான் வந்தது.

"கேக்கலப்பா. சத்தமா."

தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னேன், மந்திரா.

குழந்தைகளுக்கு என் ஆசி. அவன் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறான். முதல் பஸ்ஸிலேயே வா.

அப்பா